நாபியும் கலப்பைக்கிழங்கும்

ஐப்பசி மாதம் பிறந்து வடகிழக்குப் பருவமழை நிலைத்துப் பெய்யத் தொடங்கியபின், ஆவடியினின்று பட்டாபிராம், திருநின்றவூர் வழியாக மேற்கே செல்வோரும், பூவிருந்தவல்லியினின்று திருமழிசை, வெள்ளவேடு, நேமம் முதலிய ஊர்களுக்குச் செல்வோரும், ஏரிக்கரைப் புதர்களிலும் முள்வேலிகளிலும் தீக்கொழுந்து எழுந்தாற்போன்ற ஒரு பூவைக் காணக்கூடும். அதுவே காந்தள். கார்த்திகைப் பூ என்று அதனைச் சிறுவரும் அறிவர். ஆயினும் பூவை அறிந்தோர் அனைவரும் அப்பூவிற்குக் கீழே மண்ணுள் மறைந்து கிடக்கும் கிழங்கை அறிவார் என்று சொல்வதற்கில்லை. கொடி காய்ந்து பூவும் இலையும் மறைந்துபோன கோடைக்காலத்தில் மண்வெட்டியில் அகப்படும் அக்கிழங்கை அடையாளங் காண்போர் மிகச் சிலரே.

இக்கிழங்கிற்கு வழங்கும் பெயர்கள் பல. அவற்றுள் ஒன்று நாபிக்கொடி என்பது. நமது ஜில்லாவின் வடபாகத்தில் தெலுங்கு பேசுவோர் இதனை அடவிநாபி, அஃதாவது காட்டு நாபி என்பர். ஆனால் நாட்டு மருந்துக் கடைகளில் நாபி என்று பெயர் பெற்ற சரக்கு முற்றிலும் வேறானதொரு செடியின் கிழங்காகும். இரண்டும் கொடிய விஷங்கள். இரண்டும் பல்லாண்டு வாழும் செடிகள். இரண்டிற்கும் அழகிய பூக்கள் உண்டு. இவ்வளவு ஒற்றுமையும் பெயரொற்றுமையும் இருந்தும், இவை மனித தேகத்தில் வேலை செய்யும் விதமோ இரவும் பகலும் போல வேறானது. அந்த வேற்றுமையை அறியாமற் போனால், காப்பாற்றக்கூடிய உயிரும் கைநழுவிப் போகலாம். ஆகையால் நிலமுடைய விவசாயிகளும் கிராம அதிகாரிகளும் இவ்விரண்டையும் பிரித்தறிந்துகொள்வது அவசியமென்று கருதி இக்கட்டுரை எழுதப்படுகிறது.

அசல் நாபி

வசநாவி, வச்சநாபி, நாபி என்று தமிழ் வைத்தியர்கள் வழங்கும் சரக்கு, ரனன்குலேசியே என்னும் தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தது. வடமொழியில் இதற்கு வத்ஸநாபம் என்று பெயர். கன்றின் தொப்புளைப் போன்ற உருவமுடைய கிழங்கு என்பது அதன் பொருள். தாவர சாஸ்திரிகள் இச்செடியை அகோனிட்டம் என்ற ஜாதியில் வைத்துள்ளனர். இது நமது சமவெளியில் எங்கும் விளைவதன்று. இமயமலையின் குளிர்ந்த உயரங்களில், நேபாளம், சிக்கிம், பூடான் முதலிய பிரதேசங்களின் மலைச்சரிவுகளில் தானாக முளைக்கிறது. இதன் இலைகள் விரித்த உள்ளங்கை போலப் பலவாகப் பிளந்திருக்கும். பூக்கள் நீலமும் ஊதாவும் கலந்த நிறமுடையவை. மேற்புற இதழ் தலைமூடி போலக் கவிந்திருப்பது இந்த ஜாதிக்கே உரிய அடையாளம். ஆண்டுதோறும் தண்டு மடிந்தாலும் கிழங்கு மண்ணுள் உயிரோடிருந்து, பக்கத்தில் ஓர் இளங்கிழங்கை ஈன்று, அடுத்த பருவத்தில் அதன்மூலம் மீண்டும் தளிர்க்கும்.

மலைவாசிகள் முற்காலத்தில் அம்பு நுனிகளில் இதன் விஷத்தைத் தடவி வேட்டையாடினர். உலர்ந்த கிழங்குகளே வியாபாரிகள் வாயிலாகச் சமவெளி நகரங்களுக்கு வந்து சேருகின்றன. சென்னையில் ராசப்ப செட்டித் தெரு போன்ற நாட்டு மருந்துச் சரக்கு வியாபாரம் நடக்கும் இடங்களின் பெயர் நமது பகுதியிலுள்ள யாவரும் அறிந்ததே. இமயத்துச் சரக்குகளும் நமது காட்டுச் சரக்குகளும் அத்தகைய கடைகளில் ஒரே கூரையின்கீழ் இருக்கக் காணலாம். பெயர் மயக்கத்திற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

சித்த வைத்தியத்திலும் ஆயுர்வேதத்திலும் நாபியைச் சுத்தி செய்தன்றி உபயோகிப்பதில்லை. பசுவின் மூத்திரத்திலோ பாலிலோ ஊறவைத்தும் வேகவைத்தும் அதன் கடுமையைத் தணிப்பர். நாபியிலுள்ள அகோனிட்டின் என்னும் விஷச்சத்து, நெடுநேரம் நீரில் வேகும்பொழுது சிதைந்து வீரியம் குறைந்த வேறு சத்தாக மாறுகிறதென்பதை நவீன இரசாயன சாஸ்திரமும் கண்டுள்ளது. எனினும் எவ்வளவு நேரம், எந்த முறையில் என்பது தேர்ந்த வைத்தியரின் கைப்பழக்கத்தைச் சார்ந்தது. வீட்டு அடுப்பில் செய்து பார்க்கத் தக்கதன்று.

இவ்விரு கிழங்குகளும் சட்டத்தின் பார்வைக்கும் உட்பட்டவையே. 1919-ஆம் ஆண்டின் விஷப் பொருள்கள் சட்டம் பொதுவாக விஷங்களின் இறக்குமதி, விற்பனை முதலியவற்றை ஒழுங்குபடுத்த இடமளிக்கிறது. 1945-ஆம் ஆண்டின் மருந்து விதிகளோடு சேர்ந்த ஈ(1) என்னும் அட்டவணையில், சித்த மருத்துவத்தின் விஷச்சரக்குகளின் வரிசையில், நாபியும் கலப்பைக்கிழங்கும் தனித்தனியே குறிக்கப்பட்டுள்ளன. அவ்வட்டவணையிலுள்ள சரக்கு சேர்ந்த உள்மருந்தின் புட்டியில், மருத்துவரின் மேற்பார்வையிலேயே உட்கொள்ள வேண்டுமென்ற எச்சரிக்கை இருத்தல் வேண்டும். இரண்டையும் சட்டம் ஒன்றாக எண்ணவில்லை, நாமும் எண்ணலாகாது.

அக்குடும்பத்தின் மற்ற உறுப்பினர்

ரனன்குலேசியே குடும்பத்தார் பெரும்பாலும் குளிர்நாட்டுக் குடிகள். நமது மாகாணத்தில் நீலகிரி, பழனி மலைகளின் உச்சிப் புல்வெளிகளில் மஞ்சள் பூப் பூக்கும் சிறு செடிகளாகவும், வெண்பூக்களுடைய செடி கொடிகளாகவும் இக்குடும்பத்தைச் சேர்ந்த சில உண்டு. அவற்றுட் பலவற்றின் பச்சைச்சாறு தோலிற் பட்டால் கொப்புளம் எழுப்பும். பச்சையாக மேயும் மாடுகளின் வாயும் குடலும் புண்படும். ஆனால் அச்செடிகள் உலர்ந்து வைக்கோலானபின் அக்காரம் பெரும்பாலும் நீங்கிவிடும். நமது சமையலறையிலும் மருந்துப் பெட்டியிலும் இருக்கும் கருஞ்சீரகமும் இக்குடும்பத்துச் செடியே என்பதை அறிவோர் வியப்படைவர். ஆகவே ஒரு குடும்பம் முழுவதையும் விஷம் என்று தள்ளுவதும், பூ அழகாயிருக்கிறதென்று ஒன்றை நம்புவதும் ஒருங்கே பிழையாகும்.

நமது வேலியின் கலப்பைக்கிழங்கு

இனி நமது வேலிக்கு வருவோம். காந்தள், செங்காந்தள், கோடல், வெண்தோன்றி, இலாங்கலி, தலைச்சுருளி, கார்த்திகைக் கிழங்கு, கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு என்று பலவாறு வழங்கும் இக்கொடி, நாபியின் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. குளோரியோசா சுபர்பா என்று இதற்கு 1753-இல் லின்னேயஸ் பெயரிட்டார். இன்றைய பகுப்பில் இது கோல்சிகேசியே என்னும் வேறு குடும்பத்தில் நிற்கிறது. தமிழ்நாட்டின் மாநில மலராக இதுவே கொள்ளப்பட்டுள்ளது. குறிஞ்சிப்பாட்டில் தொடுக்கப்பட்ட 99 மலர்களின் வரிசையில் முதலில் நிற்பதும் காந்தளே. ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே தேசத்தாரும் இதனைத் தேசிய மலராகப் போற்றுகின்றனர்.

இதனைக் கண்டறியும் அடையாளங்கள் எளியவை:

இலை: தண்டினை ஒட்டிக் காம்பின்றி இருக்கும், நீண்டு கூரியது. இலையின் நுனியே சுருண்டு கம்பியாகி, அகப்பட்ட செடியைப் பற்றிக்கொண்டு மேலேறும். இவ்வாறு இலைநுனியே பற்றுக்கம்பியாக மாறும் கொடி நமது வேலிகளில் வேறு காண்பதரிது. பூ இல்லாத காலத்திலும் இவ்வோர் அடையாளம் போதுமானது.

பூ: ஆறு இதழ்கள். ஓரம் நெளிந்து, பின்புறமாய் வளைந்து மேல்நோக்கி நிற்கும். முதலில் பச்சை, பின்னர் மஞ்சள், ஆரஞ்சு, முடிவில் செந்நிறம் என்று நாளுக்கு நாள் நிறம் மாறும். சூல் தண்டு அடியிலேயே மடிந்து பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும்.

காய்: நீண்ட பச்சைக்காய். முற்றினபின் மூன்றாக வெடித்து, உள்ளே வரிசையாகச் செந்நிற விதைகள் தெரியும். சிறு குழந்தைகளின் கண்ணை இவ்விதைகள் கவரும், விதையும் விஷமே.

கிழங்கு: உருண்டு நீண்டு, இரு கைகளாகப் பிரிந்து, ஏர்க்கலப்பை போல வளைந்திருக்கும். மேல்தோல் பழுப்பு; உள்ளே வெண்மை. ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரு முளை உண்டு. அடுத்த ஆண்டின் கொடி அம்முளையினின்றே எழும்.

ஆடி, ஆவணி மழையில் முளைத்து, புரட்டாசி முதல் கார்த்திகை வரை பூத்து, காய் முற்றியபின் தை, மாசியில் கொடி முழுவதும் காய்ந்து போகும். அதன்பின் அடுத்த மழை வரையில் மண்ணின்மேல் ஓர் அடையாளமும் இராது. ஆபத்து அதிகமாயிருப்பது இக்காலத்திலேயே.

பிழை நேரும் வழிகள்

முதலாவது, கிழங்கைத் தின்பண்டமென்று எண்ணுதல். மண் ஒட்டிய கலப்பைக்கிழங்கு, சர்க்கரைவள்ளிக் கிழங்கின் இளங்கிழங்கைப் போலவோ காட்டு வள்ளியைப் போலவோ தோன்றக்கூடும். சர்க்கரைவள்ளி நடுவே பருத்து இருபுறமும் மெலிந்து, சல்லிவேர்கள் தொங்கும்படி இருக்கும். கலப்பைக்கிழங்கோ நெடுகிலும் ஏறத்தாழ ஒரே பருமனாய், முழங்கை மடித்தாற்போன்ற வளைவோடு இருக்கும். இரவில் விளக்கு வெளிச்சத்தில் நறுக்கி அடுப்பிலிட்ட பின் இந்த வேற்றுமை எவர்க்கும் தெரியாது.

அம்பத்தூர் 2011-இல் சென்னை மாநகராட்சியில் சேர்ந்ததையும், ஆவடி 2019-இல் தனி மாநகராட்சியானதையும் யாவரும் அறிவர். அவ்வூர்களைச் சுற்றியும் பூவிருந்தவல்லிக்கு மேற்கேயும், நெடுநாள் கரம்பாகக் கிடந்த நிலங்கள் மனைகளாகப் பிரிக்கப்பட்டு, புதர்கள் இயந்திரங்களால் பெயர்க்கப்பட்டு வருகின்றன. வேலையாட்களில் பலர் தூரத்து ஜில்லாக்களிலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் வந்தவர்கள். அவர்கள் நமது கொடிகளை அறியார். பெயர்த்த மண்ணில் கிழங்கைக் கண்டால், ஊரில் தாம் தின்று பழகிய கிழங்கென்று எண்ணி எடுத்துச் செல்வதில் வியப்பில்லை. நிலமுடையார் வேலை தொடங்குமுன் மேஸ்திரியை அழைத்து, “இந்த மண்ணில் வரும் கிழங்கு எதையும் ஒருவரும் தின்னலாகாது” என்று அவரவர் மொழியிற் சொல்லச் செய்வது, ஐந்து நிமிஷ வேலையே.

இரண்டாவது, வேகவைத்தால் விஷம் போய்விடும் என்ற நம்பிக்கை. நாபியைப்பற்றி அரைகுறையாகக் கேட்ட செய்தி, பெயரொற்றுமையால் கலப்பைக்கிழங்கின்மேல் ஏற்றப்படுகிறது. கலப்பைக்கிழங்கின் முக்கிய விஷச்சத்தாகிய கோல்சிசின் சமையற் சூட்டில் அழிவதன்று. வேகவைத்த கிழங்கும் விஷமே.

மூன்றாவது, வீட்டு வைத்தியம். பிரசவ காலத்தில் நஞ்சுக்கொடி வெளிப்படுவதற்காக இக்கிழங்கை அரைத்து மேற்பூச்சாக இடும் முறை பழைய வைத்தியத்தில் உண்டு. அதனை அரைகுறையாய் அறிந்தோர் உள்ளுக்குக் கொடுத்து விடுவதும், கருவைக் கலைக்க இரகசியமாய் உபயோகிப்பதும் தாயின் உயிருக்கே உலை வைக்கும். ஆரம்ப சுகாதார நிலையங்கள் எட்டுந் தூரத்தில் உள்ள இக்காலத்தில் இதற்குச் சிறிதும் அவசியமில்லை.

நான்காவது, பூச்சி தின்ற இலையில் விஷமிராது என்ற எண்ணம். கருநிறத்தில் வெள்ளையும் செந்நிறமுமான புள்ளிகளுடைய ஒரு புழு இக்கொடியின் இலைகளையே தின்று வாழ்கிறது. அப்புழுவிற்கு உணவானது நமக்கோ நமது கன்றுகாலிகளுக்கோ உணவாகாது.

இரண்டு விஷங்களும் வேலை செய்யும் விதம்

இக்கட்டுரையின் முக்கியப் பொருள் இதுவே. வாசகர்கள் இப்பகுதியைச் சற்று நிதானமாய்ப் படிக்க வேண்டுகிறோம்.

நாபி விரைந்து கொல்லும் விஷம். உட்கொண்ட சில நிமிஷங்களில் உதடும் நாவும் சுறுசுறுத்து மரத்துப் போகும். பின்னர் அம்மரப்பு கைகால்களிற் பரவும். வாந்தி, தளர்ச்சி, மூச்சுத் திணறல் உண்டாகும். நரம்புகளிலும் இருதயத் தசைகளிலும் மின்னோட்டத்தை ஒழுங்குசெய்யும் வாயில்களை இவ்விஷம் மூடவொட்டாமல் திறந்தபடியே வைத்துவிடுவதால், இருதயத் துடிப்பு தாறுமாறாகிறது. மரணம் சில மணி நேரத்திற்குள் நேரலாம். அந்நேரத்தைக் கடந்து, துடிப்பும் சீர்ப்பட்டால், நோயாளி பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார். ஆகவே நாபியில் முதல் நாளே கண்டம்.

கலப்பைக்கிழங்கோ நின்று கொல்லும் விஷம். உட்கொண்டவுடன் ஒன்றும் தெரியாமல், இரண்டு மணி முதல் பன்னிரண்டு மணி நேரம் வரை சென்றபின்பே வாய் எரிச்சல், வயிற்றுவலி, அடங்காத வாந்தி, இரத்தங் கலந்த பேதி ஆகியவை தோன்றும். இவற்றைக் கண்டு காலரா என்றோ, கெட்டுப்போன உணவென்றோ எண்ணி விடுவதுண்டு. முதல் நாளோ மறுநாளோ வாந்தியும் பேதியும் சற்றுத் தணியலாம். நோயாளி எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்பார். கண்டம் கழிந்தது என்று உறவினர் மகிழ்வர். இவ்விடத்திலேயே பெரும்பிழை நேருகிறது.

கோல்சிசின் என்பது, தேகத்தில் உயிரணுக்கள் இரண்டாகப் பிரிந்து பெருகும் தொழிலைத் தடுத்து நிறுத்துவது. நமது உடம்பில் இடைவிடாது புதிதாய்ப் பிறந்துகொண்டிருக்கும் அணுக்கள் குடலின் உட்சுவரிலும், எலும்பின் உள்ளே இரத்தம் ஊறும் மஜ்ஜையிலும், மயிர்க்கால்களிலும் உள்ளன. ஆகையால் முதலில் குடலும், இரண்டாம் நாள் முதல் ஏழாம் நாளுக்குள் இரத்தமும் பழுதடைகின்றன. வெள்ளணுக்கள் குறைந்து காய்ச்சலும் சீழ்நோயும் பற்றும். இரத்தம் உறையாமல் கசியும். சிறுநீரகமும் இருதயமும் சுவாசமும் ஒன்றன்பின் ஒன்றாய்த் தளரும். இவற்றையெல்லாம் கடந்து பிழைத்தவர்க்கு, இரண்டு மூன்று வாரங்களில் தலைமயிர் கற்றை கற்றையாக உதிர்ந்து, சில மாதங்களில் மீண்டும் வளரும். இலங்கையில் நியங்கலா என்று வழங்கும் இதே கிழங்கினால் உடல் முழுதும் மயிர் உதிர்ந்த ஒரு நோயாளியைப்பற்றி அங்குள்ள மருத்துவர் ஒருவர் 1966-இல் பிரிட்டிஷ் மருத்துவப் பத்திரிகையில் எழுதியுள்ளார்.

ஆகவே, நாபி தின்றவர் முதல் நாளைக் கடந்தால் பிழைத்தார் என்று ஊரில் வழங்கும் அனுபவ மொழியைக் கலப்பைக்கிழங்கு தின்றவர்க்குப் பொருத்துதல் கூடாது. அவருக்கு முதல் நாள் வெறும் தொடக்கமே. வாந்தி நின்றாலும் மருத்துவர் விடை கொடுக்கும் வரையில் ஆஸ்பத்திரியைவிட்டு அழைத்து வரலாகாது. ஒரு வாரம் வரையில் இரத்தப் பரிசோதனை நடைபெறுதல் வேண்டும். பெயர் ஒன்றாயிருப்பதனால் விளையும் தீங்கு இதுவே.

உடனே செய்ய வேண்டியவை

இவ்விரு விஷங்களையும் முறிக்கத்தக்க மாற்றுமருந்து நமது ஆஸ்பத்திரிகளில் வழக்கமாய்க் கிடைப்பதில்லை. அந்தந்த உறுப்பைத் தாங்கி நிறுத்தும் சிகிச்சையே உயிரைக் காக்கிறது. ஆகையால் காலமே மருந்து.

தின்றது ஐயமாயிருப்பினும், நோய்க்குறி தோன்றும் வரையில் காத்திராமல் 108 என்ற எண்ணிற்குச் செய்தி சொல்லி வண்டி வரவழைக்க வேண்டும். ஆவடி அரசு மருத்துவமனையோ திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, எது அருகோ அங்கே செல்லலாம். பூவிருந்தவல்லி நெடுஞ்சாலை வழியே சென்னைக்குள் செல்வோர்க்குக் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையும், அதற்கப்பால் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையும் அதே சாலையில் உள்ளன.

வாயில் மீதமிருப்பதைத் துப்பச் செய்து, நீரால் கொப்பளிக்கச் செய்யலாம். உப்புநீர், புளிக்கரைசல், சாணக்கரைசல் முதலியவற்றைப் புகட்டி வாந்தியெடுக்கச் செய்தல் கூடாது. நினைவு தவறியவர்க்கு மூச்சுக்குழலில் அது இறங்கி வேறொரு கேட்டை விளைக்கும். நாபி என்று ஐயமுண்டானால் நோயாளியை நடக்கவிடாமல் படுக்கவைத்தே கொண்டுசெல்ல வேண்டும்.

யாவற்றிலும் முக்கியமானது: மீதமுள்ள கிழங்கு, விதை, கொடி, சமைத்த பதார்த்தம், எது கிடைத்தாலும் அதனை ஒரு பையிலிட்டு மருத்துவரிடம் காட்ட வேண்டும். வெறுமனே “நாபி தின்றார்” என்று சொல்லலாகாது. “வேலியில் பூக்கும் கார்த்திகைப்பூவின் கிழங்கு” என்றோ, “கடையில் வாங்கிய உலர்ந்த சரக்கு” என்றோ தெளிவாய்க் கூற வேண்டும். எத்தனை மணிக்குத் தின்றார் என்பதையும் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுப்பது நலம்.

கன்றுகாலிகள்

ஆடுமாடுகள் பசும்புல் உள்ளவரையில் இக்கொடியைப் பெரும்பாலும் தீண்டா. தீவனப் பஞ்ச காலத்திலும், வேலியோரப் புல்லோடு கொடியையும் சேர்த்தறுத்துத் தொட்டியில் இடும்பொழுதுமே தின்கின்றன. வாயில் எச்சில் ஒழுகுதல், அசைபோடாமை, இரத்தபேதி ஆகியவை குறிகள். உடனே கால்நடை மருத்துவருக்கு அறிவிக்க வேண்டும். கோல்சிசின் பாலிலும் வெளிப்படக்கூடிய சத்தாதலால், அவ்வாறு நோயுற்ற கறவையின் பாலை மருத்துவர் சொல்லும் வரையில் வீட்டுக்கும் உபயோகிக்கலாகாது, சங்கத்திற்கும் ஊற்றலாகாது. ஒரு வேளைப் பாலின் நஷ்டம் சிறிது. அதனால் வரும் கேடு பெரிது.

கிராம அதிகாரிகள் கவனத்திற்கு

சந்தேக மரணங்களையும் இயற்கைக்கு மாறான மரணங்களையும் உடனே அறிவிக்கும் பொறுப்பு கிராம அலுவலில் உள்ளோர்க்கு நெடுங்காலமாகவே சட்டத்தால் விதிக்கப்பட்டுள்ளது. 1973-ஆம் ஆண்டின் குற்ற நடைமுறைச் சட்டத்தில் 40-ஆம் பிரிவாயிருந்த இவ்விதி, 2024 ஜூலை 1 முதல் அமுலிலிருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சம்ஹிதையில் 34-ஆம் பிரிவாக உள்ளது. அறிக்கையில் “விஷக்கிழங்கு” என்று பொதுவாய் எழுதுவதால் பயனில்லை. “நாபி” என்று எழுதினால் மேலும் குழப்பமே. கண்டதைக் கண்டபடி எழுத வேண்டும்: கிழங்கு பச்சையா உலர்ந்ததா, வளைந்ததா, எந்த வேலியில் தோண்டியது, கொடியும் பூவும் அருகிலிருந்தனவா என்பவற்றைக் குறித்தால், இரசாயனப் பரிசோதகர் எந்த விஷத்தைத் தேடுவதென்று முன்னதாகவே அறிந்துகொள்வர். சென்னையில் 1849-ஆம் ஆண்டிலேயே இதற்கென அலுவலகம் ஏற்பட்டு, இன்று தடய அறிவியல் துறையாக வளர்ந்துள்ளது. அங்கு வேலை எவ்வளவு திறமையாக நடப்பினும், கிராமத்திலிருந்து செல்லும் முதற்குறிப்பு தெளிவாயிருந்தாலன்றி முழுப்பயன் விளையாது.

பள்ளிக்கூட வேலி, அங்கன்வாடி வேலி, பொதுக்கிணற்றங்கரை ஆகிய இடங்களில் கார்த்திகை மாதத்தில் ஒருமுறை சுற்றிப் பார்த்து, கொடி இருப்பின் அகற்றச் செய்வது நன்று. மாணவர்க்கு ஆசிரியர் மூலமாய்ப் பூவையும் இலைநுனியையும் காட்டிப் பெயர் சொல்லிக்கொடுப்பது அதனினும் நன்று. கொடி அழிந்தாலும் அறிவு நிற்கும்.

அழிப்பதா, காப்பதா?

இவ்வளவும் படித்தபின், காந்தளைக் கண்ட இடமெல்லாம் வெட்டியெறிய வேண்டும் என்று எவரும் தீர்மானிக்க வேண்டுவதில்லை. இக்கிழங்கில் கோல்சிசின் உண்டென்பதை 1915-இல் இங்கிலாந்தின் இரசாயனிகள் வெளியிட்டனர். அச்சத்து முடக்குவாதத்தின் ஒரு வகையாகிய கவுட்டு நோய்க்கு அளவறிந்து கொடுக்கப்படும் மருந்து. உயிரணு பிரிவதைத் தடுக்கும் அதே குணத்தைப் பயன்படுத்தி, 1937 முதற்கொண்டு பயிர் அபிவிருத்தி சாஸ்திரிகள் புதிய பயிர் வகைகளை உண்டாக்கி வருகின்றனர். கொல்லும் குணமும் காக்கும் குணமும் ஒன்றே. அளவும் அறிவுமே வேற்றுமை.

தமிழ்நாட்டில் தாராபுரம், மூலனூர், ஒட்டன்சத்திரம் முதலிய பகுதிகளில் கண்வலிக்கிழங்கு என்ற பெயரால் இது விதைக்காகப் பயிரிடப்படுகிறது. ஆனி, ஆடியில் கிழங்கு நட்டு, முட்கிளுவைப் போத்துகளையோ கம்பிப் பந்தலையோ பற்றுக்கொடுத்து, காலையில் பூக்களுக்குக் கையால் மகரந்தம் சேர்த்து, விதையை உலர்த்தி மருந்துத் தொழிலுக்கு விற்கின்றனர். விலை ஆண்டுக்காண்டு ஏறியிறங்குவது. வாங்குவோரை முன்னரே உறுதி செய்துகொள்ளாமல் இறங்குவது விவேகமன்று. பயிரிடுவோர் கிழங்கையும் விதையையும் தானியம் வைக்கும் அறையில் வைக்கலாகாது. பூட்டும் பெயர்ச்சீட்டும் உள்ள தனியிடம் வேண்டும். கையுறையின்றிக் கிழங்கு நறுக்குவதும், கைகழுவாமல் உண்பதும் கூடாது.

ஏரிக்கரைப் புதரிலும் ஒதுக்குப்புறத்திலும் உள்ள கொடிகள் இருந்துவிட்டுப் போகட்டும். வீட்டையும், தொழுவத்தையும், தீவன வரப்பையும், குழந்தைகள் நடமாடும் இடத்தையும் ஒட்டியவற்றையே அகற்ற வேண்டும். அதற்கேற்ற காலம் பூக்கும் பருவமே. அப்பொழுதே இடத்தைக் குறித்துக்கொண்டு, மண் ஈரமாயிருக்கையில் இரு கைகளும் ஒடியாதபடி கிழங்கை முழுதும் தோண்டியெடுக்க வேண்டும். முளையுள்ள ஒரு துண்டு நின்றாலும் மறுவருஷம் கொடி எழும். எடுத்தவற்றை எருக்குழியிலோ கால்வாயிலோ எறியாமல், கன்றுகாலிகளும் குழந்தைகளும் அணுகாத இடத்தில் உலர்த்தி எரித்துவிடலாம்.

மனைக்காக நிலம் திருத்துவோரும், புதிதாய் வேலி கட்டுவோரும், கொடி தெரியாத கோடையிலேயே பெரும்பாலும் அவ்வேலையைச் செய்கின்றனர். ஆகவே இப்பருவத்துப் பூவைப் பார்த்து இடத்தை நினைவிற் கொள்வது, மாசியில் மண்வெட்டி பிடிக்கப்போகும் ஒருவரின் உயிரைக் காப்பதாகும். வேலியில் பூவைக் கண்டவர் அதன் அடியில் ஒரு குச்சியை நட்டு வைக்கட்டும். செலவில்லாத காரியம், அடுத்த பருவம் வரையில் அக்குச்சி எல்லோர்க்கும் எச்சரிக்கையாய் நிற்கும்.